செத்த குரங்குக்கு எந்தத் துறை பொறுப்பு?



“கிளிக்கு ஊசி போடவா நாம் வரி கட்டுகிறோம்?” என்று திருப்பலிக்குப்பின் ஒருவர் கேட்டார். சிரித்தவர்களும் உண்டு. நான் சிரிக்கவில்லை.

காக்காப்போ, தக்காஹே உள்ளிட்ட ஐந்து அருகிவரும் பறவையினங்களுக்கு எச்5என்1 தடுப்பூசியை நியூசிலாந்து சோதித்தது உண்மையே. தென் அமெரிக்கக் கரையில் 2023இல் அதே நோயால் ஆயிரக்கணக்கான கடற்சிங்கங்கள் மடிந்ததைக் கண்ட நாடு, நோய் வருமுன் எழுந்தது. 2024 டிசம்பரில் ஒட்டாகோவின் ஒரு கோழிப்பண்ணையில் எச்7என்6 கண்டறியப்பட்டு, ஏறத்தாழ 2,00,000 கோழிகள் அழிக்கப்பட்டன. காட்டு நீர்ப்பறவைகளிடம் மென்மையாய் இருந்த கிருமியே பண்ணைக்குள் கொடியதாய் மாறியதெனக் கருதப்படுகிறது. காடு வேறு, கறிச்சட்டி வேறு என்று இன்னுமா எண்ணுகிறீர்கள்?

நம் தாயகத்தைப் பாருங்கள். 1957இல் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பின்னர் மனிதர் காய்ச்சலில் வீழ்ந்தனர். உண்ணிகள் கடத்திய அந்நோயைக் கன்னடர் ‘மங்கன காயிலெ’, அதாவது குரங்கு நோய் என்றனர். பாவம், குரங்கும் அதற்குப் பலியான உயிரே. பழி மட்டும் அதன் பெயரில்! பின்னாளில் நோய் பந்திப்பூர், வயநாடு, நீலகிரி எனத் தெற்கே இறங்கியது. 2018இல் கோழிக்கோட்டுப் பகுதியில் நிப்பாவுக்கு 17 பேர் பலியானபோது வௌவால்மேல் பழி விழுந்தது. மரத்தை வெட்டி வௌவாலைத் துரத்தினால், அது கிருமியோடு அடுத்த ஊருக்குப் போகும், வேறென்ன நடக்கும்?

இப்போது இந்தியாவில் தேசிய வனவிலங்கு நலக் கொள்கை உருவாக்கப்படுகிறது. ஜுனாகத்தில் 2025 மார்ச்சில் தேசிய வனவிலங்கு மேற்பரிந்துரை மையத்துக்கு அடிக்கல்லும் நாட்டப்பட்டது. வரவேற்கிறேன். ஆயின் கட்டடம் காட்டைக் காவல் காக்காது. காட்டில் செத்த குரங்கு வனத்துறையின் பொருள், அதே உண்ணி ஏறிய மாடு கால்நடைத்துறையின் பொருள், காய்ச்சலில் கிடக்கும் பழங்குடித் தாய் சுகாதாரத்துறையின் பொருள். கிருமிக்கு இந்த எல்லைகள் தெரியா. முதல் சடலத்தைக் காண்பவர் யார்? நிரந்தரப் பணியின்றி உழலும் வேட்டைத் தடுப்புக் காவலர். சுள்ளி பொறுக்கப் போகும் பெண். அவர்கள் யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னபின் எத்தனை மணி நேரத்தில் மாதிரி எடுக்கப்படும், நோயுற்றால் அவர்கள் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று எழுதாத கொள்கை வெறும் காகிதம். சிவகங்கையின் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் வேட்டங்குடிக்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அத்தகையோரை அழைத்துப் பேசாமல், குளிரூட்டிய அறையில் மட்டும் வரைவு தீட்டுவது அறமன்று.

நமக்கும் வேலை உண்டு. ஆல்பனி ஏரிக்கரையில் மூன்றோ அதற்கு மேலோ பறவைகள் ஒன்றாகச் செத்தோ நோயுற்றோ கிடந்தால் தொடாதீர்கள். பிள்ளைகளையும் நாயையும் விலக்குங்கள். இடத்தைக் குறித்து, படம் எடுத்து, 0800 80 99 66 என்ற எண்ணில் முதன்மைத் தொழில்கள் அமைச்சகத்துக்கு உடனே சொல்லுங்கள். வீட்டில் கோழி வளர்ப்போர், தீவனத்தைக் காட்டு வாத்துகள் அண்டாதபடி இன்றே மூடி வையுங்கள்.