பல் மருத்துவரிடம் போகுமுன் குழந்தையிடம் மெய் பேசுவோம்

சித்தூரில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் அண்மையில் ஒரு காட்சியைக் கண்டோம். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு தாயின் மடியில் ஒடுங்கியிருந்தான். “ஒண்ணும் பண்ணமாட்டாங்கடா கண்ணு, சும்மா பார்த்துட்டு வந்துடலாம்” என்றார் பாட்டி. “அழுதா பெரிய ஊசியா போடச் சொல்லிடுவேன்” என்றார் தந்தை. உள்ளே சென்ற சிறுவன் கடைசிவரை வாயைத் திறக்கவேயில்லை. குடும்பம் வந்தவாறே திரும்பியது. பல்வலியும் கூடவே திரும்பியது.

அச்சிறுவன்மீது குறை காண நமக்கு மனம் வரவில்லை. பாட்டி சொன்னது பொய். தந்தை சொன்னது மிரட்டல். இரண்டும் அன்பிலும் பதற்றத்திலும் பிறந்தவையே. ஆயினும், எந்த மருத்துவரைக் காட்டிக் குழந்தையை அச்சுறுத்துகிறோமோ, அவரிடமே அது நம்பி வாயைத் திறக்க வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

குழந்தையை ஆயத்தப்படுத்தும் கலை நமக்குத் தெரியாததன்று. திருமலையில் முதல் மொட்டை போடுவதற்குப் பல நாள் முன்னரே வீட்டில் பேச்சுத் தொடங்கிவிடுகிறது. “மாமா மடியில உட்காரணும், தண்ணி தெளிப்பாங்க, தலை ஆடாம இருக்கணும், முடி மறுபடி வளர்ந்துடும்” என்று ஒவ்வொன்றையும் சொல்லி வைக்கிறோம். அண்ணனின் மொட்டைத் தலைப் படத்தையும் காட்டுகிறோம். கல்யாணகட்டாவில் குழந்தை சிறிது அழுதாலும், நடப்பது இன்னதென அதற்குத் தெரிந்திருக்கிறது. கூரிய கத்திக்கு முன் செய்யும் இந்த ஆயத்தத்தை, ஒரு சிறு கண்ணாடிக்கு முன் நாம் ஏன் செய்வதில்லை?

காரணம், வலி வந்த பிறகே பல் மருத்துவரை நினைக்கிறோம். “விழப்போகிற பல்தானே” என்ற அலட்சியமும் இருக்கிறது. பால்பற்கள் 20. பெரும்பாலும் ஆறாம் மாதத்தையொட்டி முளைக்கத் தொடங்கி, மூன்று வயதுக்குள் நிறைவடைகின்றன. அவற்றுள் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயதுவரை இருக்க வேண்டியவை. அவை முன்னதாகவே போய்விட்டால், பின்னர் வரும் நிலையான பற்கள் இடமின்றிக் கோணலாக முளைக்கலாம். ஆறு வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். அது வாழ்நாள் முழுவதுக்குமான பல். அதையும் பால்பல் என்றெண்ணிச் சொத்தையாக விட்டுவிடும் பெற்றோர் பலர்.

முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், அல்லது முதல் பிறந்தநாளுக்குள், ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும் என்பது குழந்தைப் பல் மருத்துவர்களின் அறிவுரை. வலியில்லாத நாளில் நிகழும் அந்தச் சந்திப்பே மிகச் சிறந்த ஆயத்தம். செலவும் அப்போதுதான் குறைவு. சிறு சொத்தையை அடைப்பதற்கும், அது வேர்வரை சென்றபின் சிகிச்சை செய்து உறை போடுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டணச் சீட்டே சொல்லும்.

“சொல், காட்டு, செய்” என்றொரு முறையை 1959-இல் ஆடல்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் எடுத்துரைத்தார். எதைச் செய்வதானாலும் முதலில் எளிய சொல்லில் சொல்வது, கருவியைக் காட்டுவது, பிறகே செய்வது என்பதே அது. இன்றும் உலகெங்கும் குழந்தைப் பல் மருத்துவர்கள் இதையே கையாளுகின்றனர். இதை வீட்டிலேயே தொடங்கலாம். குழந்தையைச் சாய்த்து உட்காரவைத்து, சிறு கரண்டியால் பற்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பிறகு குழந்தை உங்கள் பற்களை எண்ணட்டும். நாற்காலி மேலும் கீழும் போகும், விளக்கு பளிச்சென்று எரியும், ஒரு குழாய் உர்ரென்று எச்சிலை உறிஞ்சும் என்பதைக் கதைபோலச் சொல்லுங்கள்.

நம் பகுதிக்கென ஒரு தேவையும் உண்டு. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. இங்குள்ள பல குழந்தைகளுக்கு வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. வீட்டை விட்டு இன்னும் பள்ளிக்குப் போகாத மூன்று வயதுக் குழந்தைக்கு, அறிமுகமற்ற ஒருவர் சொல்லும் “நோரு தெருவு” புரியாமல் போகலாம். வாயைத் திறக்கச் சொல்வதே அது என்றும், “பன்னு” என்றால் பல் என்றும், “நொப்பி” என்றால் வலி என்றும் முன்னாளே விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள். புரிந்த சொல் பாதி அச்சத்தைப் போக்கிவிடும்.

“வலிக்குமா?” என்று குழந்தை கேட்கும். “வலிக்கவே வலிக்காது” என்று உறுதி கூறாதீர்கள். “கொஞ்சம் கூசலாம், கூசினால் இடக்கையைத் தூக்கு, டாக்டர் நிறுத்துவார்” என்று சொல்லுங்கள். அவ்வாறு நிறுத்த வேண்டுமென மருத்துவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சொன்னபடி ஒருமுறை நடந்துவிட்டால், அடுத்த முறை குழந்தை தானாகவே வாயைத் திறக்கும். சொல் ஒருமுறை பொய்த்தாலோ, இழந்த நம்பிக்கையை மீட்க ஆண்டுகள் ஆகும்.

குழந்தைகளுக்கான சிறப்புப் பல் மருத்துவர் தேவைப்பட்டு, சித்தூரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதிக்குச் செல்வோரும் உண்டு. ரேணிகுண்டா சாலையிலுள்ள சி.கே.எஸ். தேஜா பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் அத்துறை இருக்கிறது. பயணக் களைப்போடும் பசியோடும் குழந்தையை நேரே நாற்காலியில் ஏற்றாதீர்கள். உணவு குறித்து மருத்துவர் தனியே எதுவும் சொல்லாதவரை, சற்று உண்டு இளைப்பாறட்டும். வெளியே வந்ததும் “அழவேயில்லையே” என்பதைவிட, “அழுகை வந்தும் வாயைத் திறந்தாயே” என்று பாராட்டுங்கள்.

வரவேற்பறையில் கண்ட அச்சிறுவன் என்றேனும் மீண்டும் வரவேண்டியிருக்கும். அதற்குள் வீட்டில் ஒருவராவது அவனிடம் மெய் பேசியிருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.