ஐயம் வேறு, தீர்ப்பு வேறு

பொங்கல் விளையாட்டு விழாவில் சைக்கிள் பந்தயம். ஒரு பையன் மற்றவர்களை வெகுதூரம் பின்தள்ளிவிட்டு முதலாவதாக வருகிறான். கூட்டம் கைதட்டுகிறது. கைதட்டலுக்கு நடுவே, "பவுடர் ஏதாவது சாப்பிட்டிருப்பான்" என்று ஒரு குரலும் கேட்கிறது. அந்தப் பையன் என்ன செய்வான்? தான் எதையும் சாப்பிடவில்லை என்பதை அவன் எப்படி மெய்ப்பிப்பான்?

ஊக்கமருந்து உடலைக் கெடுக்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. மருந்து உட்கொள்பவர் சிலர். சந்தேகத்துக்கு ஆளாகிறவர்களோ எல்லோரும். நேர்மையாக உழைத்தவனின் வெற்றியும் மதிப்பிழந்துவிடுகிறது. இதற்குத் தீர்வு ஊர்ப்பேச்சு அன்று, சரியான அளவீடுதான். அந்த அளவீட்டையும் அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

சந்தேகம் பிறந்த கதை

இந்த நோய் மிகக் கடுமையாகத் தாக்கிய விளையாட்டு சைக்கிள் பந்தயம். 1967 ஜூலை 13 அன்று, 'டூர் த பிரான்ஸ்' பந்தயத்தில் மோன் வான்ட்டூ மலையில் ஏறிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் கடும் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தார். அவர் உடலில் ஆம்பெடமின் என்ற ஊக்கமருந்து இருந்தது.

பின்னர் இன்னும் நுட்பமான மருந்து வந்தது. நமது சிறுநீரகம் எரித்ரோபாயட்டின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் உண்டாவதைத் தூண்டுவது இதன் வேலை. சிறுநீரக நோயாளிகளுக்காக இதனை 1980களின் இறுதியில் மருந்தாகக் கொண்டுவந்தார்கள். சிவப்பணு பெருகினால் தசைக்குச் செல்லும் ஆக்சிஜனும் பெருகும் அல்லவா? சைக்கிள் வீரர்கள் சிலர் இதைக் குறுக்குவழியாக்கினர். உடலே சுரக்கும் பொருளாதலால் வெளியிலிருந்து வந்ததைப் பிரித்தறிவது கடினம். நேரடிச் சோதனை 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் பயன்பாட்டுக்கு வந்தது.

அதற்கு முன், 1997இல், உலக சைக்கிள் சங்கம் ஓர் எல்லைக்கோடு போட்டது. ஆண் வீரரின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் அவர் பந்தயத்தில் கலந்துகொள்ள முடியாது. 1999இல் இத்தாலியச் சுற்றுப்பந்தயத்தில் முன்னணியில் இருந்த மார்க்கோ பான்டானி, 52 என்ற அளவு காட்டியதால் வெளியேற்றப்பட்டார். ஆனால் இயற்கையிலேயே 50க்கு மேல் உள்ளவர்களும் உண்டு. 43 உள்ளவர் மருந்தினால் 49க்கு உயர்ந்துகொண்டு தப்பிவிடவும் முடியும். எல்லைக்கோடு ஒன்று மட்டும் போதாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

கணக்கு சொல்வதும் சொல்லாததும்

வீரரின் திறனை வெளியிலிருந்தே கணக்கிட்டுவிடலாம் என்பார் சிலர். நீங்களும் செய்து பாருங்கள். பிரான்ஸில் ஆல்ப் துவெஸ் என்ற மலைச்சாலை சுமார் 1100 மீட்டர் உயரம் ஏறுகிறது. வீரரும் சைக்கிளும் சேர்ந்து 65 கிலோகிராம் என்போம். ஈர்ப்பு விசைக்கு எதிராகச் செய்யும் வேலை 65 × 9.8 × 1100, அதாவது சுமார் 7 லட்சம் ஜூல். இதை 38 நிமிடத்தில், அதாவது 2280 நொடியில் முடித்தால் திறன் சுமார் 307 வாட். காற்றின் தடையையும் சக்கர உராய்வையும் சேர்த்தால் இன்னும் கூடும். நான்கு மின்விசிறிகளை ஓட்டும் திறன் இது. நம்மில் பலரால் இதைச் சில நிமிடங்கள்கூடத் தர முடியாது.

அதனால் அவர் மருந்து உட்கொண்டவர் என்று சொல்லிவிடலாமா? கூடாது. செங்குத்தான மலையில் இக்கணக்கு ஓரளவு நம்பத்தக்கது. நம் ஒரகடம் பக்கத்துச் சமதளச் சாலையில் அதற்கு மதிப்பே இல்லை. அங்கே முக்கிய எதிரி காற்று. காற்றுத் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. பின்காற்று அடித்தாலோ, முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி போனாலோ, அதே கால்கள் வெகு வேகமாக ஓட்டும். (லாரிக்குப் பின்னால் ஓட்டிப் பார்க்க வேண்டாம், உயிருக்கே ஆபத்து.) எனவே கணக்கு நமக்குத் தருவது ஒரு கேள்வி மட்டுமே; விடை அன்று.

தொழிற்சாலை கற்றுத்தரும் பாடம்

ஆய்வகச் சோதனை மட்டும் பிழையற்றதா? ஒரு கற்பனைக் கணக்கு. ஆயிரம் வீரர்களில் 20 பேர் குற்றவாளிகள் என்று கொள்வோம். ஒரு சோதனை அந்த 20 பேரையும் பிடித்துவிடுகிறது. ஆனால் நிரபராதிகளில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகச் சுட்டுகிறது. மீதி 980 பேரில் ஏறக்குறைய 10 பேர் சிக்குவர். சிக்கிய 30 பேரில் மூன்றில் ஒருவர் நிரபராதி! இதனால்தான் வீரரின் மாதிரியை 'ஏ', 'பி' என இரு புட்டிகளில் முத்திரையிட்டு வைக்கிறார்கள். முதல் புட்டியின் முடிவை வீரர் மறுத்தால் இரண்டாவதைத் திறந்து சோதிக்கக் கோரலாம்.

மறுபக்கமும் உண்டு. சோதனையில் சிக்காததால் மட்டும் ஒருவர் தூயவர் ஆகிவிடமாட்டார். 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை டூர் த பிரான்ஸ் வென்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், எத்தனையோ சோதனைகளைத் தாண்டி வந்தவர். கூட ஓட்டிய வீரர்களின் சாட்சியத்தால் 2012இல் ஏழு பட்டங்களும் பறிபோயின. 2013 ஜனவரியில் அவரே ஒப்புக்கொண்டார்.

பின் என்னதான் வழி? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் உங்கள் அண்ணன், அக்கா யாரேனும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தால் கேட்டுப் பாருங்கள். ஓர் இயந்திரத்திலிருந்து வரும் பாகத்தை ஒரே ஒரு முறை அளந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். மணிக்கு மணி அளந்து வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். கன்ட்ரோல் சார்ட் என்பது அதன் பெயர். அளவு எல்லைக்குள் இருந்தாலும் புள்ளிகள் ஒரே பக்கமாக நகர ஆரம்பித்தால், இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று உடனே கவனிப்பார்கள்.

2008இல் சைக்கிள் பந்தயத்தில் வந்த 'உயிரியல் கடவுச்சீட்டு' இதே தத்துவம்தான். வீரரின் இரத்த அளவுகளைப் பல மாதங்கள், பல ஆண்டுகள் தொடர்ந்து பதிவு செய்கிறார்கள். அவரை ஊராரோடு ஒப்பிடுவதில்லை, அவரோடே ஒப்பிடுகிறார்கள். எரித்ரோபாயட்டின் செலுத்தினால் இளஞ்சிவப்பணுக்கள் திடீரெனக் கூடும். சேமித்த இரத்தத்தை ஏற்றிக்கொண்டால் குறையும். வரைபடம் காட்டிக்கொடுத்துவிடும். அதன் பிறகும் வல்லுநர்கள் ஆராய்ந்து, வீரரின் விளக்கத்தைக் கேட்ட பின்பே முடிவு செய்கிறார்கள்.

சைக்கிளுக்குள் ஒரு மோட்டார்

மருந்து இல்லாமலும் ஏமாற்றலாம். 2016 ஜனவரி 30 அன்று பெல்ஜியத்தில் சோல்டர் நகரில் நடந்த உலகப் போட்டியில், ஒரு வீராங்கனைக்குரிய சைக்கிளின் குழாய்க்குள் சிறு மின்மோட்டார் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அவருக்கு ஆறு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. மோட்டாரில் காந்தம் உண்டு. காந்தப்புலத்தை மூடி மறைப்பது எளிதன்று. பொம்மைக் காரின் மோட்டாரை ஒரு காகிதப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் திசைகாட்டியைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஊசி திரும்பும். காந்தப்புலம் அளக்கும் கருவியும் எக்ஸ் கதிரும் இன்று பந்தயத் திடலில் இந்த வேலையைத்தான் செய்கின்றன. எல்லோருடைய சைக்கிளையும் ஒரே மாதிரி சோதித்தால் எவர் மீதும் பழி இல்லை.

சுழிப்பிழையை மறக்கலாமா?

வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன பார்க்கிறீர்கள்? சுழிப்பிழை. ஊக்கமருந்துச் சோதனைக்கும் அது பொருந்தும். ஓட்டப்பந்தயத்தில் நம் மாநிலம் கண்ட ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். நாடே கொண்டாடியது. சில வாரங்களில் அவர் மாதிரியில் நாண்ட்ரலோன் என்ற மருந்தின் அடையாளமான நார்ஆண்ட்ரோஸ்டிரோன் இருப்பதாக முடிவு வந்தது. தாம் ஊக்கமருந்து உட்கொண்டதில்லை என்று அவர் கூறினார். எனினும் நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது, பதக்கமும் போயிற்று.

இந்தப் பொருளுக்கு வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம். 10,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 20 மில்லிகிராமைக் கரைத்தால் வரும் செறிவு அது; ஒரு சிட்டிகை உப்பைவிட மிகக் குறைவு. இவ்வளவு நுண்ணியதை அளக்கும் ஆய்வகம் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்! அதே 2019 ஆகஸ்டில், டில்லியிலுள்ள நம் தேசிய ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகத்தின் அங்கீகாரத்தை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை நிறுத்தி வைத்தது; 2021 டிசம்பரில்தான் மீண்டும் கிடைத்தது. அதை அவமானமாக நான் கருதவில்லை. அளவுகோலையும் அளந்து பார்க்கிறார்கள் என்பதாலேயே அளவீட்டின் மேல் நம்பிக்கை பிறக்கிறது.

2023இல் இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 3.8 சதவீதத்தில் தடைசெய்யப்பட்ட பொருள் காணப்பட்டது. அதிகம் சோதனை செய்யும் நாடுகளில் இது மிக உயர்ந்த விகிதம். இது நமக்குத் தலைகுனிவுதான். ஆனால் மறுபக்கத்தையும் கணக்கிடுங்கள்: 96 சதவீதத்துக்கும் மேலான மாதிரிகளில் ஒன்றும் இல்லை.

நாம் செய்யக்கூடியது

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டியின் சைக்கிள் பந்தயங்கள், வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகத்து ஓடுதளத்தில் நடந்தன. ஓட்டியவர்கள் உங்கள் வயதினர். நாளை உங்களில் ஒருவர் அங்கே ஓட்டலாம். அவருக்கு ஒரு சொல்: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பவுடரையும் மாத்திரையையும், யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், மருத்துவர் தரும் மருந்தையும் தடைப்பட்டியலில் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாமல் உட்கொண்டேன் என்று சொன்னாலும், உங்கள் உடலில் காணப்பட்டதற்குப் பொறுப்பு உங்களுடையதே.

பார்க்கிறவர்களுக்கும் ஒரு சொல். ஐயப்படுங்கள், ஐயம்தான் அறிவியலின் முதற்படி. ஆனால் ஐயத்தைக் கேள்வியாகக் கேளுங்கள், பழியாகச் சுமத்தாதீர்கள். அளந்து பார்க்க நம்மிடம் வழி இல்லாதபோது வாயை மூடிக்கொள்வதும் அறிவியல் மனப்பான்மையே ஆகும்.