மூன்றாவது தடவையும் பாமசிக்குத்தானா?



கொஞ்சம் வெட்கமான விஷயம்தான். ஆனாலும் பேசத்தான் வேண்டும்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நீர்க்கடுப்பு வந்தால் என்ன செய்கிறோம்? முதலில் யாருக்கும் சொல்வதில்லை. பிறகு பொல்பலா அவித்துக் குடிக்கிறோம். சரிவராவிட்டால் மகனைப் பாமசிக்கு அனுப்பி, போன முறை போட்ட அதே குளிசையை எடுக்கிறோம். எரிச்சல் குறைந்ததும் மீதி அலுமாரிக்குப் போகிறது. இரண்டு மாதத்தில் திரும்பவும் அதே கதை.

சுத்தமில்லாததால்தான் இது வருகிறது என்று சிலர் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் மறைக்கிறோம். உண்மை என்னவென்றால், பெண்களின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 சென்ரிமீற்றர் நீளம்தான். குடலில் இருக்கும் ஈ-கோலை கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

6 மாதத்தில் 2 தடவை, அல்லது ஒரு வருடத்தில் 3 தடவை வந்தால், அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று வைத்தியர்கள் தனியாகக் கவனிக்கிறார்கள். அப்போது குளிசை தொடங்க முன் யூரின் கல்ச்சர் செய்ய வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது அதில்தான் தெரியும். சீனி வியாதி, கல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். மாதவிடாய் நின்ற உம்மாமாருக்கு ஈஸ்ட்ரஜன் கிறீம் கொடுப்பதும் உண்டு.

இவையெல்லாம் சரிவராதவர்களுக்கும் வழி இருக்கிறது. மெல்லிய குழாய் ஒன்றின் மூலம் சிறுநீர்ப்பைக்குள்ளேயே மருந்தைச் செலுத்தி, கொஞ்ச நேரம் வைத்திருந்து வெளியேற்றுவார்கள். ஹையலூரோனிக் அசிட் என்ற மருந்து, பையின் உட்சுவரிலுள்ள பாதுகாப்புப் படலத்தைச் சீராக்கவே கொடுக்கப்படுகிறது. குளிசைகளுக்கு அடங்காத கிருமி என்றால் ஜென்டமைசினையும் இப்படிச் செலுத்துவதுண்டு. ஐரோப்பிய சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டி, மற்ற வழிகள் பலிக்காதபோது ஹையலூரோனிக் அசிட் முறையைச் சொல்கிறது. இன்னும் ஆய்வுகள் தேவை என்றும் அதிலேயே இருக்கிறது. எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. ஆனால், "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று யாரும் ஒதுங்கிவிடத் தேவையில்லை. கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும் எங்களுக்குத் தூரமில்லை. சிறுநீரியல் நிபுணரிடம் போய், எங்களுக்கு எது பொருந்தும் என்று வாய்விட்டுக் கேட்போம்.

காய்ச்சல், நடுக்கம், விலாப்பக்க வலி இருந்தால், அல்லது கர்ப்பிணி என்றால், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

ஆசிரியர்களான எங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. பாடசாலை டொய்லட்டுக்குப் போகப் பிடிக்காமல், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண் பிள்ளைகளை நாங்கள் பார்க்கிறோம். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பெண்கள் தினமும் மேலதிகமாக ஒன்றரை லீற்றர் குடித்தபோது, தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தப் பிள்ளைகளுக்குச் சுத்தமான டொய்லட்டும், பூட்டக்கூடிய கதவும், கேட்டவுடன் வகுப்பை விட்டுப் போக அனுமதியும் வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்ல எங்களுக்கு ஏன் தயக்கம்?

மார்க்கத்தை விளங்கிக்கொள்ள அன்ஸாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று ஆயிஷா நாயகி புகழ்ந்தார்கள். உடம்பைப் பற்றிக் கேட்க மட்டும் நாங்கள் ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

இன்றிரவு வீட்டில் உம்மாவிடமும் தாத்தாவிடமும் மகளிடமும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.