எண்ணம் ஓட்டும் நாற்காலிக்கு விமானத்தில் இடமுண்டா?

கை, கால்களை அசைக்க முடியாத ஒருவர், அவற்றை அசைப்பதாக மனத்தில் நினைக்கிறார். அவர் அணிந்துள்ள தொப்பியின் மின்முனைகள் மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்கின்றன. கணினி அவற்றைக் கட்டளையாக மாற்றியதும் சக்கர நாற்காலி திரும்புகிறது.

இது கற்பனை அன்று. டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022ல் வெளியிட்ட ஆய்வில், பல மாதப் பயிற்சிக்குப் பிறகு, தடைகள் நிறைந்த அறையில் இப்படி நாற்காலியைச் செலுத்திக் காட்டியவர்கள் உண்டு. 2024 ஜனவரியில் ‘நியூராலிங்க்’ நிறுவனம் முதன்முறையாக மனித மூளையில் சில்லு பொருத்தியது. தோளுக்குக் கீழ் செயலிழந்த அந்த இளையர், எண்ணத்தாலேயே கணினியில் சதுரங்கம் ஆடினார்.

இத்தகைய மூளை-கணினி இணைப்பு உடற்குறையுள்ளோரின் பயணங்களை எளிதாக்கும் என்று பலர் நம்புகின்றனர். எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. ஆனால், அந்த நாற்காலி விமானத்தின் வாசலை அடைந்ததும் என்ன நடக்கும்?

இன்று பயணி தமது நாற்காலியை வாசலிலேயே விட்டுவிட வேண்டியுள்ளது. ஊழியர்கள் அவரைக் குறுகலான வேறொரு நாற்காலியில் தூக்கி அமர்த்தி உள்ளே கொண்டுசெல்வர். அவருடைய நாற்காலி சரக்குப் பகுதிக்குப் போகும். அமெரிக்க விமான நிறுவனங்கள் 2023ல் மட்டும் 11,000க்கும் மேற்பட்ட சக்கர நாற்காலிகளையும் ஸ்கூட்டர்களையும் சேதப்படுத்தின, தாமதப்படுத்தின அல்லது தொலைத்தன என்கிறது அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை.

சாதாரண நாற்காலி சேதமடைந்தாலே பயணம் பாழ். ஒருவரின் மூளை அலைகளுக்கு ஏற்ப மாதக்கணக்கில் பழக்கிய நாற்காலி என்றால், இரவல் நாற்காலி தந்து சமாளிக்க முடியாது. அவருக்கு அதுதான் கால்கள். அதைப் பெட்டியோடு பெட்டியாக அனுப்புவது எப்படிச் சரியாகும்?

தொழில்நுட்பம் முதலில் வரட்டும், வசதிகள் பின்னால் தாமாக வரும் என்று சிலர் கூறலாம். வசதிகள் தாமாக வருவதில்லை. சிங்கப்பூரின் எல்லாப் பொதுப் பேருந்துகளிலும் இன்று சக்கர நாற்காலியுடன் ஏறலாம். பழைய பேருந்துகளுக்குப் பதிலாகத் தாழ்தளப் பேருந்துகளை வாங்க ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டதால் கிடைத்த பலன் அது. அதே உறுதி விமானப் பயணத்திலும் வேண்டும். பயணி தமது நாற்காலியிலேயே அமர்ந்து பறக்க இடமும், அதை இறுகப் பொருத்தும் பூட்டும் விமானத்துக்குள் வேண்டும்.

பொறியியல், வடிவமைப்பு பயிலும் நண்பர்களே, மூளையின் கட்டளையைப் படிக்கும் கருவியை உருவாக்குவது பெருமைதான். அந்த நாற்காலி நுழையக்கூடிய விமானத்தை வடிவமைப்பதும் அதே அளவு பெருமைக்குரியது. இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்பு தேடுவோர் அங்கிருந்து தொடங்கலாம். அதற்குமுன், உடற்குறையுள்ள ஒருவரிடம், “உங்கள் பயணம் எங்கே தடைபடுகிறது?” என்று கேளுங்கள்.