அம்மன் எந்த வீட்டுக்கு வருவாள்?

மாசி மகம் வந்தால் மாமல்லபுரம் கடற்கரை முழுக்க புடவையும் வேட்டியும் கட்டிய கூடாரங்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கமிருந்து இருளர் குடும்பங்கள் வந்து தங்குகிறார்கள். நம்ம பசங்களுக்கு அது ஈ.சி.ஆர். ட்ராஃபிக், அவ்ளோதான்.

யூதர்களின் கூடாரப் பண்டிகை பற்றிப் படித்தபோது எனக்கு இந்தக் கடற்கரைதான் ஞாபகம் வந்தது. எகிப்தை விட்டு வந்த முன்னோர்கள் 40 வருஷம் வனாந்தரத்தில் அலைந்ததை நினைத்து, மாடி வீட்டுக்காரர்கூட 7 நாள் தழைக்கூரைக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுவார். கூரை இடுக்கில் நட்சத்திரம் தெரியணுமாம்! ஆனால் ஒரு விஷயம் நேரெதிர். ஊர் ஊராகச் சிதறிய யூதர்கள் எருசலேமுக்குத் தாங்கள் திரும்ப வேண்டினார்கள். இருளர்களோ, கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன கன்னியம்மனைத் தங்களோடு வீட்டுக்குத் திரும்பச் சொல்லிக் கெஞ்ச வருகிறார்கள். விடியற்காலையில் ஈரமணலில் ஏழு படி கட்டி, பூ, பழம் வைத்துப் பூசை. கல்யாணம், காதுகுத்து எல்லாம் அங்கேயே. அடுத்த அலையில் படி கரைஞ்சிடும், யாரும் அதுக்குக் கவலைப்படுறதில்லை.

சரி, அம்மன் மனசு மாறிட்டா எந்த வீட்டுக்குப் போவாள்? 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுக்கும் விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீயும் கிடைத்தது. அதே சமூகத்தில் பல குடும்பங்கள் மனைப்பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் இன்னும் மனுவோடு அலைகின்றன. பத்மஸ்ரீயைவிட பட்டா கொடுக்கிறது கஷ்டமா என்ன?