காசு கொடுக்காதவர் கணக்கு

டாலி என்ற கணக்கு மென்பொருளைப் பணம் கட்டாமல் பயன்படுத்துகிறவருக்கு மாதத்தில் மூன்று நாள்தான். 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே வவுச்சர் போட முடியும். படிக்கிறவர்களுக்கென்று அந்த நிறுவனம் திறந்து வைத்திருக்கும் வழி அது. ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர் வட்டாரத்தில் பி.காம். முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகும் பிள்ளைகள் அந்த மூன்று நாளுக்குள்ளேயே ஒரு வருட வியாபாரத்தை எழுதிப் பழகிவிடுகிறார்கள். கொள்முதல் ஒன்றாம் தேதி, விற்பனை இரண்டாம் தேதி, சம்பளம் 31. டாலிக்கு இவர்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. பெரும்பாலோர் ஆயுளுக்கும் கொடுக்கப் போவதில்லை.

ஆனால், அவர்களில் ஒருவர் ஓர் உப்புக் கம்பெனியில் கணக்கெழுத உட்காரும்போது, எந்த மென்பொருள் வாங்கலாம் என்று முதலாளி மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. வந்திருக்கும் பிள்ளைக்கு எது தெரியுமோ அதையே வாங்குகிறார். கணக்கு வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களில் 'டாலி தெரிந்திருக்க வேண்டும்' என்பது ஒரு படிப்புத் தகுதி மாதிரியே ஆகிவிட்டது.

புதிதாக மென்பொருள் நிறுவனம் தொடங்கும் இளைஞரிடம் முதலீட்டாளர் தவறாமல் கேட்பது இது: இலவசமாகப் பயன்படுத்துகிறவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் பணம் கட்டுகிறவர்களாக மாறுகிறார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆறுமுகநேரி மாணவியின் மதிப்பு பூஜ்யம். அவர் தன் பையிலிருந்து கொடுக்கவில்லை. இன்னொருவர் பையிலிருந்து கொடுக்க வைக்கிறார். இதற்கு அந்தக் கணக்கில் கட்டமே இல்லை.

டாலியின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். 1986-இல் பெங்களூரில் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் மகன் பரத் கோயங்காவும் தொடங்கியது அது. தொண்ணூறுகளில் அதன் கள்ளப் பிரதிகள் ஊரெங்கும் ஓடின. நிறுவனத்துக்கு அது நஷ்டம்தான். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால், 2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் வாட் வரி வந்தது, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. வரி விதிகள் அடிக்கடி மாறத் தொடங்கியதும் பழைய கள்ளப் பிரதி உதவாமல் போயிற்று. புதுப்பித்துத் தரும் அசல் வேண்டியிருந்தது. அப்போது கடைக்காரர் வேறு மென்பொருளுக்குத் தாவியிருக்கலாமே? பெரும்பாலோர் தாவவில்லை. கல்லாவுக்குப் பின்னால் இருந்த கணக்குப்பிள்ளையின் விரல்களுக்கு டாலியின் குறுக்குவிசைகள் மனப்பாடம். காசு கொடுக்காத தலைமுறை ஒன்று சந்தையை முன்கூட்டியே உழுது வைத்திருந்தது.

இது டாலிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் பொழுதுபோக்குக் கணினிக்காரர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் கணினி வைத்திருப்பவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவானவர்களே தன் பேசிக் மொழியை வாங்கியிருக்கிறார்கள், மற்றவர்கள் திருடிக்கொள்கிறார்கள் என்ற புகார். கோபம் நியாயமானது. ஆனால் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கமடோர், ஆப்பிள், ரேடியோ ஷாக் என்று கணினி செய்த நிறுவனங்களே அவரிடம் வந்து பேசிக்குக்கு உரிமம் வாங்கின. பயன்படுத்துகிறவர்களுக்கு ஏற்கெனவே பழகியிருந்த மொழி அது என்பதும் அதற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஆறுமுகநேரி பஜாரில் டீ குடித்துவிட்டுப் போனால் ஸ்கேன் செய்து பதினைந்து ரூபாய் அனுப்புகிறோம். அனுப்புகிற நமக்குக் கட்டணம் இல்லை. 2020 ஜனவரி முதல் யுபிஐ பரிமாற்றத்துக்குக் கடைக்காரரிடமும் கமிஷன் பிடிப்பதில்லை. ஆனால் பணம் வந்ததைக் கூவிச் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டிக்குப் பல கடைக்காரர்கள் மாத வாடகை கட்டுகிறார்கள். நாம் நிறைய ஸ்கேன் செய்வதால்தான் கடைக்காரருக்குப் பெட்டி தேவைப்படுகிறது.

எல்லா இலவசமும் இப்படிப் பலன் தந்துவிடும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. டாலி மாணவியால் நிறுவனத்துக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. கணினியும் மின்சாரமும் சென்டர்காரருடையவை. சர்வரில் ஓடும் செயலியின் கதை வேறு. தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' செய்திச் செயலி 2021-இல் வெளிவந்து நாலரை ஆண்டு சத்தமில்லாமல் இருந்தது. 2025 செப்டம்பர் கடைசியில் திடீரென்று பயனர் வெள்ளம். நாளுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் 3,50,000 ஆகிவிட்டது என்று சோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். ஓடிபி வரத் தாமதமானது. சர்வர்களை அவசர அவசரமாகக் கூட்ட வேண்டியிருந்தது. வந்தவர்கள் காசு கொடுக்கவில்லை, கேள்வி மட்டும் கேட்டார்கள். அப்போது குரல் அழைப்புக்கு இருந்த முழு மறையாக்கம் எழுத்துச் செய்திக்கு ஏன் இல்லை என்று நாடு முழுக்கக் கேட்டார்கள். பயனருக்கு எது முக்கியம் என்பதற்கு எந்த ஆலோசனை நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுத்தாலும் இவ்வளவு உறுதியான பதில் கிடைத்திருக்காது. ஆனால் அந்த வெள்ளத்தைத் தாங்க சோஹோவிடம் வணிக மென்பொருள்களின் வருமானம் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அந்த மூன்று நாளில் மூழ்கியிருக்கும். இலவசப் பயனருக்குப் பக்கத்தில் பணம் கட்டும் ஆள் ஒருவர் நிற்காவிட்டால், கூட்டம் என்பது வெறும் மின்சார பில்.

ஆகவே, திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ முதலீட்டாளர் முன் நிற்கும் இளைஞரிடம் நான் வேறொன்றைக் கேட்பேன்: காசு கொடுக்காதவர் யாரைக் கொடுக்க வைக்கிறார்? உப்பளங்களுக்கு ஒரு செயலி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டக்கூடியவர் உப்பள முதலாளி. கூலியும் முன்பணமும் வாங்குகிற தொழிலாளி, லோடு ஏற்றிப் போகும் லாரி டிரைவர், எடைமேடைக்காரர், விலை பேசும் தரகர் எல்லாரும் கட்டாதவர்கள். தன் கூலிக் கணக்கைத் தன் போனிலேயே பார்க்க முடிந்தால், தப்பாக ஏறிய அரைநாளைத் தொழிலாளி அன்று மாலையே சொல்லிவிடுவார். சனிக்கிழமை கூலி போடும்போது வரும் சச்சரவு குறையும். முதலாளி விலை கொடுத்து வாங்குவது அந்தச் சரியான கணக்கைத்தான். வருமானம் போதவில்லை என்று அவசரப்பட்டு டிரைவரிடம் லோடுக்கு இரண்டு ரூபாய் கேட்டால், அவர் எடைச் சீட்டைச் செயலியில் ஏற்றாமல் மறுபடி சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொள்வார். முதலாளியின் திரையில் அன்றைய லோடு இருக்காது. அடுத்த வருடம் சந்தாவைப் புதுப்பிக்க அவருக்கும் காரணம் இருக்காது.