எய்தவன் இருக்க அம்புக்குப் பத்தாண்டா?

மதுரையில் மயக்கப்பொருள் வழக்குகட்கெனத் தனி முறைமன்றம் இயங்குகின்றது. அதன் கூண்டில் ஏறுவோருள் மீசை அரும்பிய இளைஞர் சிலரல்லர்.

கஞ்சா வைகைக் கரையில் விளைந்து வருவதன்று. பெரும்பகுதி ஆந்திர, ஒரிசா எல்லை மலைகளிலிருந்து தொடர்வண்டியிலும் சரக்குந்திலும் மூட்டை மூட்டையாக வந்திறங்குகின்றது. முதல் போட்டவன் பெயர் வழக்கேட்டில் ஏறுவது அரிது. இசைநிகழ்ச்சித் திடலிலும் கல்லூரி வாயிலிலும் பொட்டலம் கைமாற்றியவனும், கூலிக்கு மூட்டை சுமந்தவனுமே அகப்படுகின்றனர்.

1985-ஆம் ஆண்டுச் சட்டம் எடையைப் பார்க்கின்றது; ஆளைப் பார்ப்பதில்லை. கஞ்சா ஒரு கிலோ வரை ஓராண்டுக்குட்பட்ட சிறை. 20 கிலோ வரை பத்தாண்டுக்குட்பட்ட சிறை. அதனைத் தாண்டினாலோ குறைந்தது பத்தாண்டு, மிகுந்தால் இருபதாண்டு! சுமந்தவனுக்கும் உடையவனுக்கும் ஒரே அளவுகோல். நடுவர் நெஞ்சம் இரங்கினும் பத்தாண்டிற்குக் கீழே இறங்க வழியில்லை.

21 அகவை நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்புமுன் அதற்குரிய காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்கின்றது 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம். மயக்கப்பொருள் சட்டத்தின் 33-ஆம் பிரிவோ அக்கதவை இழுத்து மூடிற்று. தாமே உட்கொண்டோர் முதலான சிறு குற்றத்தாரையும் 18 அகவை நிரம்பாதவரையும் மட்டுமே அது விட்டுவைத்தது. 18 நிரம்பாதவர் பெரும்பாலும் சிறார்க்குரிய மன்றத்திற்கே செல்பவர். பசித்தவன்முன் வெற்றிலை விரித்து விருந்தென்று கூறும் ஈகை இது! பத்தொன்பது அகவையில் தடுக்கி விழுந்தவனுக்கு யாது வழி?

கடுமை தளர்ந்தால் கஞ்சா பெருகும் என்பர். நாற்பதாண்டுக் கடுமையில் அது குறைந்ததா? தண்டிக்கும் அரசின் கைதான் தூயதா? 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மதுக்கடை நடத்துவது அரசே. 2023–24-இல் மட்டும் அவ்வகையில் வந்த வருவாய் 45,000 கோடி உருவாவிற்கு மேல்! ஒரு மயக்கத்திற்குக் கடைத்திறப்பு, மற்றொன்றிற்குச் சிறைத்திறப்பு.

சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன் அரசனருகே நிற்கக் கோவலன் வெட்டுண்ட ஊர் இம்மதுரை. கோவலன் குற்றமற்றவன், இவ்விளைஞன் அவ்வாறல்லன். இவனைத் தண்டிக்க வேண்டா என்பார் இலர். ஆயினும் பொற்கொல்லனைத் தேடாத முறைமன்றம் அன்றும் இன்றும் ஒன்றே.

33-ஆம் பிரிவில் பதினெட்டு என்பதை இருபத்தொன்று என மாற்ற ஒரு வரித் திருத்தம் போதும். அவ்வுரிமை தில்லி நாடாளுமன்றத்திடம் உள்ளது. தமிழ்நாட்டு மக்களவை உறுப்பினர் 39 பேரும் அங்கேதான் அமர்ந்திருக்கின்றனர்.